ஜில்பேரின் இடது பக்கம்

வசந்தாமணி அமெரிக்காவுக்கு வந்த புதிதில், பிஸ்கட்டவே என்கிற ஊரில் அபார்ட்மெண்டின் ஜன்னலோரம் உட்கார்ந்து, பார்க்கிங்கில் போகிற வருகிற கார்களை நிறம்வாரியாக எண்ணிக்கொண்டிருப்பாள். பைத்தியம் ஒன்றும் இல்லை. கோயம்புத்தூரில் புள்ளியியல் படித்தவள். கல்லூரிக் கபடி அணியில் இரண்டு வருடம் ஆடினாள். முட்டி போன பிறகு அதே அணிக்கு ஸ்கோர் ஷீட் எழுதினாள். கணவன் நஞ்சுண்டன் மருந்துக் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வேலை செய்யக் கிளம்பிப் போனதும், எண்ண எதுவுமே இல்லாத வீட்டில் அவள் வேறு என்ன செய்வாள்? மனைவிக்கென்று கொடுத்த விசாவில் சம்பள வேலை செய்யக் கூடாது. சும்மா செய்யலாம், அதை யாரும் கேட்க மாட்டார்கள்.

1997 மார்ச்சில் ஊர் லைப்ரரியில் ஒரு துண்டுத்தாளைப் பார்த்தாள். ராரிட்டன் ரோவர்ஸ் என்ற சாக்கர் அணி, நம் ஊர்க் கால்பந்துதான், ஒட்டியிருந்தது. பெரிய அணி இல்லை. சனிக்கிழமை பிற்பகலில் ஒரு பள்ளி மைதானத்தில் ஆடும், எண்ணூறு பேர் வந்தால் அதுதான் திருவிழா. ஆட்டத்தைப் பார்த்துக் குறித்துத் தர ஆள் வேண்டும், சம்பளம் கிடையாது என்று போட்டிருந்தார்கள்.

"சம்பளமில்லாத வேலைக்கு உன்னைய நான் டிரைவ் பண்ணிக் கூட்டிட்டுப் போகோணுமா?" என்றான் நஞ்சுண்டன். "சனிக்கிழமை ஒரு நாளுதான் வசந்தா எனக்குத் தூக்கம்."

"கார்லயே தூங்குங்க. கண்ணாடியத் தட்டியா எழுப்பப் போறேன்?"

"சாக்கர்ல உனக்கு என்ன தெரியும்?"

"கபடி தெரியுமில்லீங்க. இதுல ஆளு ஜாஸ்தி, கபடி கபடின்னு பாடறது இல்ல. அவ்வளவுதானே?"

அணியின் மேனேஜர் கெல்லர் என்கிற சிவந்த முகத்துக்காரர். அவளுடைய பெயரை ஒரு முறை முழுதாகச் சொல்லிப் பார்த்து, மூச்சு வாங்கி, அன்றிலிருந்து 'வாஸ்' என்று சுருக்கிக்கொண்டார். ஒரு தாளைக் கொடுத்தார். அதில் பதினொரு கட்டங்கள், ஆட்டக்காரருக்கு ஒன்று. எதிரணி நம் கோல் பக்கம் அனுப்பும் பந்தை யார் தடுத்தாரோ அவர் கட்டத்தில் ஒரு கோடு போட வேண்டும். கடைசியில், வந்த பந்துகளின் எண்ணிக்கையும், தடுத்தவை, கோலானவை, வெளியே போனவை மூன்றின் கூட்டுத்தொகையும் சரியாக இருக்க வேண்டும். குழந்தை கூடச் செய்யும்.

முதல் ஆட்டத்தில் முப்பத்தெட்டுப் பந்துகள் வந்தன. வசந்தாமணியின் கூட்டுத்தொகை முப்பத்து மூன்று. ஐந்து பந்துகளை யாரும் தடுக்கவில்லை. அவை கோலாகவும் இல்லை, வெளியே போகவும் இல்லை.

தன் கண்தான் தப்பு என்று நினைத்தாள். அடுத்த வாரம் ஆறு குறைந்தது. கெல்லரிடம் வீடியோ டேப்பை வாங்கி வந்து, நஞ்சுண்டன் ஆபீஸ் போன பிறகு ஓட்டினாள். ஓட்டி, நிறுத்தி, மறுபடி ஓட்டினாள். காலை வெயில் டிவியின் மேல் அடித்துக்கொண்டிருந்தது, ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டுப் பார்த்தாள். இடது பக்கமாக உருண்டு வந்த பந்து, புல்வெளியில் ஆளே இல்லாத ஓர் இடத்தில், எதன் மேலோ பட்ட மாதிரி நின்று, திசை மாறிப் போனது. அதைத் துரத்தி வந்தவன் அந்த இடத்துக்கு ஓரடி முன்னால் தோளைச் சுருக்கிக்கொண்டு விலகினான். கூட்டத்தில் எதிரே வருகிறவருக்கு வழி விடுவோமே, அது மாதிரி.

எண்ணூறு பேர் பார்த்த ஆட்டம். ஒருவருக்கும் தெரியவில்லை. பந்து நின்ற இடத்தை யார் பார்க்கிறார்கள்? எல்லோரும் பந்து போகிற இடத்தைத்தான் பார்ப்பார்கள்.

அந்தக் காலி இடத்துக்கு வலது பக்கம் நின்றவர்தான் ஜில்பேர் மொரான்.

அவர் பிரெஞ்சுக்காரர், வயது முப்பத்தைந்து. வடக்கு பிரான்ஸில் நிலக்கரி ஊர் ஒன்றில் பிறந்து, பதினேழு வயதில் இரண்டாம் டிவிஷனில் ஆட வந்தவர். கோலுக்கு முன்னால் நின்று தடுப்பதுதான் முதலிலிருந்தே அவர் வேலை. இருபத்து மூன்று வயதில் கடலோர நகரத்து முதல் டிவிஷன் கிளப் ஒன்று அவரை எடுத்துக்கொண்டது. அங்கே ஒன்பது வருடங்கள். தேசிய அணிக்கு ஒரே ஒரு தடவை கூப்பிட்டார்கள். பெஞ்சில் உட்கார வைத்து, நல்ல கோட்டு ஒன்று கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வாழ்நாளில் அவர் அடித்த கோல்கள் மூன்று, அதில் ஒன்று சொந்த அணிக்கு எதிராக. மூக்கு இரண்டு முறை உடைந்து, மூன்றாவது முறை தற்செயலாக நேரானது. இதையெல்லாம் ரோவர்ஸின் நிகழ்ச்சித்தாளில் அச்சடித்து வாசலில் இனாமாகக் கொடுத்தார்கள்.

அச்சடிக்காததை வசந்தாமணி கண்ணால் பார்த்தாள். பந்து நம் பக்கம் வரும்போதெல்லாம் ஜில்பேரின் இடது கை கொஞ்சம் பின்னால் போகும். விரல்கள் கொக்கி மாதிரி வளையும். பார்ப்பவர்களுக்கு அது ஒரு பழக்கம், அவ்வளவுதான். அவளுக்கு அப்படி இல்லை. கபடியில் அவள் நின்ற இடம், வரிசையின் ஓரத்தில், கார்னரில் நிற்பவளின் கையைக் கோத்துக்கொண்டு நிற்கிற இடம். திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் பின்னால் கொடுத்தால், அவள் வந்து பிடித்துக்கொள்வாள். ஜில்பேர் கொடுத்ததும் அந்தக் கைதான். காற்றில் கையை வைத்திருப்பவனுக்கு விரல்கள் தளர்வாக இருக்கும். இவருடைய விரல் முட்டிகள் வெளுத்திருந்தன.

இன்னொன்றும் உண்டு. அவருக்கு இடது பக்கம் ஆட யாரைப் போட்டாலும், பத்து நிமிடத்தில் அவன் கோட்டோரமாக நகர்ந்து போய்விடுவான். "உள்ளே வா, உள்ளே வா" என்று கோச் தொண்டை கிழியக் கத்துவார். அவன் தலையாட்டுவான், வரமாட்டான். ஜில்பேருக்கும் அவனுக்கும் நடுவில் எட்டடி எப்போதும் காலியாகவே கிடக்கும்.

நாலாவது ஆட்டத்தில் வசந்தாமணி ஸ்கேலை வைத்துப் பன்னிரண்டாவதாக ஒரு கட்டம் போட்டாள். பெயர் இடத்தில் சின்னதாக ஒரு வட்டம் வரைந்தாள். அவர்கள் கல்லூரி ஷீட்டில், அவுட்டாகி வெளியே உட்கார்ந்து, திரும்ப உள்ளே கூப்பிடக் காத்திருக்கிற பெண்ணுக்கு அப்படித்தான் வட்டம் போடுவார்கள். கணக்கு அன்றைக்கு முதல் முறையாக நேரானது.

ஆட்டம் முடிந்து தாளை மடிக்கும்போது ஒரு நிழல் விழுந்தது. ஜில்பேர். தலையிலிருந்து தண்ணீர் சொட்ட நின்றவர், பன்னிரண்டாவது கட்டத்தின் மேல் விரலை வைத்தார். அவருடைய ஆங்கிலமும் அவளுடையதைப் போல யோசித்து யோசித்து வருவதுதான்.

"நீங்கள் அவனைப் பார்க்கிறீர்களா, மதாம்?"

"இல்லை. பந்தைப் பார்க்கிறேன்."

அவர் வெகுநேரம் அந்தக் கோடுகளையே பார்த்தார். "ஏழு," என்றார். "நல்லா ஆடியிருக்கிறான்."

அவன் பெயர் ரெனே. கடலோரக் கிளப்பில் ஒன்பது வருடமும் ஜில்பேரின் இடது பக்கம் ஆடியவன். 1994-இல் ஒரு செவ்வாய்க்கிழமை காலைப் பயிற்சியில், ஷூ நாடாவைக் கட்டுகிறவன் போல உட்கார்ந்தான். எழுந்திருக்கவில்லை. இதயம். முப்பத்தோரு வயது. அடுத்த சனிக்கிழமை கிளப் அந்த இடத்தில் வேறு ஒருவனைப் போட்டது. ஆட்டம் தொடங்கி மூன்றாவது நிமிடத்தில் ஜில்பேர் அவனைப் பார்த்து, 'ஆள் நிற்கிற இடத்தில் போய் ஏன் நிற்கிறாய்?' என்று கத்தினாராம். அதற்கப்புறம் மூன்று கிளப்புகள் மாறினார். எல்லா இடத்திலும் ஒரே சண்டை, ஒரு வருடத்துக்கு மேல் யாரும் வைத்துக்கொள்ளவில்லை. கடைசியாக, அவர் என்ன கத்தினாலும் புரியாத ஊருக்கு வந்து சேர்ந்தார்.

"நான் ஆடுகிற வரைக்கும் அவனுக்கு நிற்க ஓர் இடம் இருக்கிறது," என்றார். "நான் நிறுத்திவிட்டால் அவன் எங்கே போய் நிற்பான்?"

வசந்தாமணி அன்று வீட்டுக்குப் போய் வட்டத்தின் மேல் 'ரெனே' என்று எழுதினாள்.

செப்டம்பரில் ஒரு நாள் பயிற்சி முடிந்து எல்லோரும் போன பிறகு, நல்ல வெயிலில், அவள் மைதானத்துக்குள் இறங்கினாள். ஜில்பேர் நிற்கிற இடத்தில் போய் நின்றாள். யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, திரும்பாமல், இடது கையைப் பின்னால் கொடுத்தாள். சாலையில் ஒரு பள்ளிப் பேருந்து போனது. அது போய் முடிவதற்குள் கை பிடிக்கப்பட்டது.

ஜில்லென்று இருக்கும் என்று நினைத்திருந்தாள். இல்லை. ஆடி வந்தவன் கை மாதிரி சூடாக, வேர்வையில் பிசுபிசுத்து இருந்தது. ஒரு விரலில் பிளாஸ்திரி சுற்றியிருந்தது, அதற்கடியில் வளையமாக ஏதோ கெட்டியாக உறுத்தியது. பிடி இறுகவில்லை, தளரவுமில்லை. பந்துக்காகக் காத்திருக்கிறவனின் பிடி. பந்து வராது என்று அவனுக்கு எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. எவ்வளவு நேரம் நின்றாளோ, நஞ்சுண்டன் காரின் ஹாரனை அடித்தபோது கை காலியாக இருந்தது.

மறுவாரம் ஜில்பேரிடம் கேட்டாள். "ரெனே மோதிரம் போட்டிருந்தாரா?"

"கல்யாண மோதிரம். கழற்றவே மாட்டான். ஆட்டத்தில் மோதிரம் கூடாது என்பதால் மேலே பிளாஸ்திரி ஒட்டிக்கொள்வான்." அவர் அவள் முகத்தைப் பார்த்தார், பிறகு கையைப் பார்த்தார்.

நவம்பரில் சீசன் முடிந்தது. கெல்லர் அவளை ஆபீஸுக்குக் கூப்பிட்டார். அடுத்த வருடத்துக்கு யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்று முதலாளிகள் அவளுடைய கணக்கை வைத்துத்தான் தீர்மானிக்கப் போகிறார்கள். கணக்கு அவர்களுக்குப் பிடித்துவிட்டது. அவளுக்கே வேலை கொடுத்து, அவள் பெயரிலேயே விசாவுக்கு அப்ளை பண்ணப் போகிறார்கள். "ஒரே ஒரு விஷயம், வாஸ். மொத்தம் பதினொரு கட்டம்தான். அந்த ஓரத்தில் இருக்கிற கிறுக்கலை எடுத்துவிடு."

கிறுக்கலில் அறுபத்து மூன்று கோடுகள் இருந்தன. ஜில்பேரின் சொந்தக் கட்டத்தில் நாற்பத்தொன்று. நாற்பத்தொன்றோடு முப்பத்தைந்து வயதுக்காரரை எந்த அணியும் வைத்துக்கொள்ளாது.

ஜில்பேரே வந்து கேட்டார். "இரண்டையும் என் பெயரில் போட்டுவிடுங்கள், மதாம். இன்னும் ஒரு வருடம். எங்கள் இருவருக்கும்."

நஞ்சுண்டனிடம் சொன்னாள். அவன் இந்தக் கதையைப் பாதி நம்பி, பாதி சிரித்துக்கொண்டிருந்தவன். "இல்லாத ஆளோட கணக்க இருக்கற ஆளுக்குக் குடுத்தா யாருக்கு என்ன கெட்டுப் போச்சு? உனக்கும் விசா ஆச்சு, அவருக்கும் வேலை ஆச்சு. ரெனேவா வந்து உங்கிட்ட சண்டை போடப் போறான்?"

"போடமாட்டாருங்க," என்றாள். அவளுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. புதுத் தாளில் ஜில்பேருக்கு நேராக நூற்று நான்கு என்று எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

1998 ஏப்ரலில் புது சீசனின் முதல் ஆட்டம். பந்து வந்தது. ஜில்பேரின் இடது கை பின்னால் போனது, விரல்கள் வளைந்தன. அப்படியே இருந்தன. காற்றில், தளர்வாக. இடது பக்கம் போட்டிருந்தவன் நகர்ந்து போகவில்லை. அந்த எட்டடிக்குள் சாவகாசமாக வந்து நின்று, சாக்ஸை இழுத்துவிட்டுக்கொண்டான். அந்த வழியாகவே மூன்று கோல். மூன்றாவது விழுந்ததும் ஜில்பேர் கோச்சைப் பார்க்கவில்லை. நிமிர்ந்து, மேடையில் தாளோடு உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தார்.

அடுத்த வாரம் நாலு கோல். அன்றைக்கு அவர் வந்து அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு வாரத்தில் பத்து வயது கூடியிருந்தது.

"கெல்லருக்காகத்தான் ஒரு தாள் கேட்டேன்," என்றார். "அதை அவனும் படிப்பான் என்று நினைக்கவில்லை."

"வீட்டிலும் அவர் இல்லையா?"

"காலையில் காபி போடும்போது நடையில் ஷூ சத்தம் கேட்கும். நாலு வருடமாகக் கேட்டது. இப்போது இல்லை. கோல் விழுவது பெரிதல்ல, மதாம். அவன் எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியவில்லை."

வசந்தாமணிக்குத் தெரிந்தது. அவளுக்கு மட்டும்தான் தெரியும். கபடியில் அவுட்டானவள் செத்தவள் இல்லை. எதிரணியில் ஒருத்தி அவுட்டானால் ஷீட்டைப் பார்த்து, வரிசைப்படி கூப்பிடுவார்கள், எழுந்து உள்ளே வருவாள். ஆனால் ஷீட்டில் பெயர் இருக்க வேண்டும். பெயர் விட்டுப்போனவள், கூப்பிடும் குரல் காதில் விழுந்தாலும், கோட்டுக்கு வெளியேதான் உட்கார்ந்திருப்பாள். ஷீட் எழுதியவளுக்கே இது மறந்துபோனது. ஒருவனைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்து இன்னொருவனைக் கோட்டுக்கு வெளியே உட்கார வைத்துவிட்டாள். தன் கையால், மையில்.

பழைய தாள்களை எடுத்து, சமையலறை மேசையில் பரப்பி, பன்னிரண்டாவது கட்டத்தை மறுபடி எழுதினாள். சனிக்கிழமை ஒன்றும் நடக்கவில்லை. நடக்காது. வீட்டில் எழுதுவது ஷீட் ஆகுமா? கையெழுத்தோடு அணியின் ஃபைலில் இருப்பதுதான் ஷீட்.

மே மாதம் முதல் திங்கட்கிழமை கெல்லரின் ஆபீஸுக்குப் போனாள். அவளுடைய விசா மனு அவர் மேசையில் அடுக்கி, கிளிப் போட்டு, அனுப்பத் தயாராக இருந்தது. அந்த வருடத்து விசாக்கள் அந்த மாதத்துக்குள் தீர்ந்துவிடும் என்று ஊரெல்லாம் பேச்சு. அதன் மேல் அவள் தன் தாளை வைத்தாள்.

"போன வருடம் நான் கொடுத்த கணக்கு பொய். இதுதான் நிஜம்."

கெல்லர் படித்தார். அவர் முகத்தின் சிவப்பு காதுக்குப் போனது. "ஜில்பேருக்கு நாற்பத்தொன்றா? சரி, இந்த ரெனே யார்?"

"இடது பக்கம் ஆடுகிறவர்."

"நம்மிடம் அப்படி ஒருத்தன் கிடையாது."

"அறுபத்து மூன்று பந்து தடுத்திருக்கிறார்."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். கோபம் இல்லை, அதை விட மோசமாக, இரக்கம். "வாஸ், பொய்க் கணக்கு கொடுத்தேன் என்று நீயே எழுதிக் கொடுத்தால் இந்த மனுவை என்னால் அனுப்ப முடியாது. புரிகிறதா? பேசாமல் இதை எடுத்துக்கொண்டு போய்விடு. நான் பார்க்கவில்லை என்று இருந்துவிடுகிறேன்."

ஜன்னலுக்கு வெளியே மைதானம் தெரிந்தது. யாரோ புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். எடுத்துக்கொண்டு போய்விடலாம். போனால் ஜூனுக்குள் அவளுக்கென்று ஒரு மேசை இருக்கும், சம்பளம் இருக்கும். வெள்ளிக்கிழமை ரெஸ்டாரண்டில் நஞ்சுண்டனுக்கு அவள் காசில் வாங்கிக் கொடுப்பாள்.

"ஃபைலில் வையுங்கள்," என்றாள். "என் முன்னால் வையுங்கள்."

பைத்தியத்தோடு வாதாட வேண்டாம் என்றோ என்னவோ, அவர் எழுந்து இரும்பு அலமாரியைத் திறந்து, 1997 என்று எழுதிய ஃபைலில் அந்தத் தாளைச் சொருகினார். பழையதை உருவி, கசக்கினார். பிறகு அவள் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டைக்காகக் கையை நீட்டினார். அதற்கப்புறம் 2001-இல் கிரீன் கார்டு வருகிற வரைக்கும் வசந்தாமணிக்கு வேலை என்று ஒன்று வாய்க்கவில்லை. ஜில்பேருக்கும் மாதக் கடைசியோடு சீட்டுக் கிழிந்தது. மிச்சமிருந்தது மூன்று ஆட்டம்.

"போச்சா?" என்றான் நஞ்சுண்டன் காரில்.

"போச்சுங்க."

"எல்லாமா?"

"எல்லாந்தான்."

அவன் திட்டவில்லை. அடுத்த சிக்னலில் காரை நிறுத்தி, "சனிக்கிழமை நானும் உள்ளே வந்து பாக்கறேன்," என்றான். "இத்தனை தூரம் டிரைவ் பண்ணி ஒரு ஆட்டங்கூடப் பாத்ததில்ல."

சனிக்கிழமை இருவரும் டிக்கெட் வாங்கி, கம்பிவேலியை ஒட்டி நின்றார்கள். அட்டை இல்லை, தாள் இல்லை; வசந்தாமணிக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. நஞ்சுண்டன் வேர்க்கடலை உரித்துத் தின்றுகொண்டு, யார் நம்மாளு, யார் அவனுக என்று கேட்டுக்கொண்டிருந்தான். பத்தாவது நிமிடம், எதிரணியில் ஒருவன் இடது பக்கமாகப் பந்தைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தான். ஜில்பேரின் கை பின்னால் போனது. வசந்தாமணி வேறெதையும் பார்க்கவில்லை, அந்த விரல் முட்டிகளை மட்டும் பார்த்தாள்.

வெளுத்தன.

சாக்ஸை இழுத்துவிட்டுக்கொண்டு நின்ற பையன் ஏதோ நினைவு வந்தவன் போல இரண்டடி, பிறகு இன்னும் நாலடி கோட்டோரம் நகர்ந்தான். ஓடி வந்தவன் தோளைச் சுருக்கினான். பந்து நின்றது, திரும்பிப் போனது. ஜில்பேர் இடது பக்கம் தலையைத் திருப்பி பிரெஞ்சில் ஏதோ கத்தினார். கேட்டால் யாருக்கும் திட்டு மாதிரிதான் இருந்திருக்கும், ஆனால் அவர் முகம் சிரித்தது.

நஞ்சுண்டனின் கை கடலைப் பொட்டலத்துக்குள்ளேயே நின்றுவிட்டது.

"வசந்தா," என்றான் மெதுவாக. "அவருக்குப் பக்கத்துல நிக்கறது யாரு?"

அவள் திரும்பிப் பார்த்தாள். அவன் முகத்தில் விளையாட்டு இல்லை. அவன் கண்கள் அந்த எட்டடியில், ஓர் ஆள் உயரத்தில், நிலைகுத்தியிருந்தன. அவளுக்கு அங்கே இப்போதும் புல்தான் தெரிந்தது.

"எப்படி இருக்காருங்க?" என்று கேட்டாள்.

"வேர்த்து வழியுது அந்தாளுக்கு," என்றான் நஞ்சுண்டன்.

அவள் வலது கைக் கட்டைவிரலைச் சுண்டுவிரலின் முதல் கணுவில் வைத்து, ரெனே தடுத்த பந்துகளை ஒன்று என்று எண்ண ஆரம்பித்தாள். அரை மணி நேரத்தில் ஒரு கை போதாமல் அடுத்த கைக்குப் போக வேண்டியிருந்தது.